மூன்று தலையணை

எங்கள் அப்பத்தா படுத்துத் தூங்குவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பட்டாலை என்ற உள்திண்ணையில் பாயை விரித்து, தேக்குத் தூணில் மூன்று தலையணையை அண்டக் கொடுத்து, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண் அயர்ந்திருக்கிறார். பின்னால் நான் கேட்டபோது, "படுத்தா மூச்சு முட்டுதாத்தா, எந்திரிச்சு உக்காந்தா சரியாயிருது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். துணைக்கு என்று வேலைக்கு இருக்கும் அக்காவும் வயதானவர்கள் தூக்கம் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்.

கானாடுகாத்தான் வீட்டுக்குப் பங்காளிகள் 11 புள்ளி, அதாவது 11 குடும்பம். ஊரோடு இருப்பது அப்பத்தா மட்டும்தான். நான் காரைக்குடியில் இருக்கிறேன், 22 வருடமாக மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப் போன ஒரு ஞாயிறு, அவர் முற்றத்துப் படியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. பாதத்தின் மேல்புறம் பளபளவென்று இருந்தது. பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது.

"பணியாரக்கல்லு மாதிரி இருக்குல்ல" என்றார் அப்பத்தா. "நீர் கோத்திருக்கு. தைலம் போட்டா வடிஞ்சுரும்."

கால் வீக்கம் என்றதும் என் புத்தி நேராகக் கழிவுநீக்க மண்டலத்துக்குப் போனது. சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு, தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை, அதுதான் என்று முடிவு கட்டினேன். ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி என்று அக்காவிடம் பட்டியல் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போனால் வீக்கம் முழங்காலைத் தொட்டிருந்தது. மூச்சு வாங்காமல் அப்பத்தாவால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நான் கொடுக்கச் சொன்ன தண்ணீர்தான் அவருடைய நெஞ்சில் ஏறி நின்றிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

காரைக்குடியில் பார்த்த இதய மருத்துவர் காலைத் தொடுவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி, ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்குறீக?" அப்பத்தா மூன்று விரலைக் காட்டினார். அந்த விரல்களைப் பார்த்த கணத்தில்தான் எனக்கு விளங்கியது. 22 வருடமாக நான் நடத்திய பாடங்கள் எல்லாம் என் முன்னால் ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தன. நான் ஒரு பாடத்தை மட்டும் திறந்து பார்த்திருந்தேன்.

ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, எக்கோ என்ற இதய ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். இடது வென்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 35 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளுகிறது என்று எக்கோ சொன்னது. நல்ல இதயம் பாதிக்கு மேல் தள்ளும். பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் முதலில் தடித்து, பிறகு தளர்ந்து போயிருந்தது.

இதயம் ஒன்று என்று சொல்கிறோம், உள்ளே இருப்பது இரண்டு பம்பு. வலது பக்கம் உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம் நுரையீரலிலிருந்து வருவதை உடம்புக்கு அனுப்புகிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே அவ்வளவுதான். 1628-இல் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியதும் இப்படி ஒரு கணக்கைப் போட்டுத்தான். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடம்பில் உள்ள மொத்தத்தையும் மிஞ்சுகிறது, போனதே திரும்பி வராவிட்டால் இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். வரவும் பற்றும் எழுதிப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வாதம் உடனே புரியும்.

இரண்டு பம்பும் ஒரே அளவைத் தள்ளியாக வேண்டும். இடது பக்கம் கொஞ்சம் பின்தங்கினால் போதும், வலது பக்கம் அனுப்பிய ரத்தம் நுரையீரலில் தேங்கும். அங்கே காற்று நுண்ணறைகள் 30 கோடிக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் வரும், எங்கள் வீட்டு வளவில் பந்திக்கு இலை போடும் இடம் அளவுக்கு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆக்சிஜன் கடக்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு மெல்லிதாக இருக்கிறது. தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறினால் அந்த மெல்லிய சுவர் வழியாகத் தண்ணீர் கசிகிறது.

தலையணைக் கணக்கு இங்கேதான் வருகிறது. உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தில் ஒரு பங்கு காலிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும். படுத்தால் அது நெஞ்சை நோக்கி வரும். திடமான இதயம் அதைச் சட்டென்று வாங்கி அனுப்பிவிடும், தளர்ந்த இதயத்தால் முடியாது. நுரையீரல் நனையும், மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் ரத்தம் இறங்கும். மருத்துவம் ஒன்றும் படிக்காத அப்பத்தா, தனக்குத் தேவையான சாய்வு எவ்வளவு என்பதை ஒரு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் தானே அளந்து வைத்திருந்தார்.

காலுக்கு வருகிறேன். தந்துகியின் உள்ளே இருக்கும் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, ரத்தத்தில் உள்ள புரதம் அதை உள்ளே இழுக்கிறது. இந்த இழுபறியை 1896-இல் எழுதி வைத்தவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர். இழுபறியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் வெளியே மிஞ்சும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 லிட்டர். அதை நிணநீர் நாளங்கள் வாரி எடுத்துக் கழுத்தருகே மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன. பாதத்திலிருந்து ரத்தத்தை மேலே ஏற்ற ஆடுசதை ஒவ்வோர் அடிக்கும் சிரையை அமுக்கித் தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே இறங்க விடுவதில்லை. ஆக, நடப்பதும் ரத்த ஓட்டத்தில் ஒரு பங்கு. நாள் முழுக்க முற்றத்துப் படியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த அப்பத்தாவுக்கு அந்தப் பங்கும் நின்று போயிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சிறுநீரகம். அதில் கோளாறு ஒன்றும் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. இரண்டிலும் தலா 10 லட்சம் அளவில் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியை ரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. அப்படிப்பட்ட உறுப்பு, உடம்பில் தண்ணீர் கோத்து நிற்கும்போது அதை ஏன் வெளியேற்றவில்லை?

காரணம், சிறுநீரகத்துக்குக் கண் கிடையாது. கால் வீங்கியிருப்பது அதற்குத் தெரியாது. தன்னிடம் வரும் ரத்தத்தின் அழுத்தமும், தன் குழாயில் ஓடும் உப்பின் அளவும்தான் அதற்குத் தெரியும். இதயம் தளர்ந்து ரத்தம் குறைவாக வந்தால், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. வறண்ட சீமையில் பிறந்த எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. எங்கள் ஊரில் கூரையில் விழும் மழையை முற்றத்தின் மூலையில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள், மிச்சம் வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும். சொட்டு வீணாகக் கூடாது என்ற பயத்தில் கட்டிய ஊர் இது. சிறுநீரகமும் அந்தப் பயத்தில் செய்யப்பட்டது போலத்தான் நடந்துகொள்கிறது. உப்பும் தண்ணீரும் கிடைக்காத காலத்தில் நம் முன்னோரைக் காப்பாற்றிய பழக்கம் அது.

அது எப்படிச் சேமிக்கிறது என்பதைப் பாருங்கள். சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து கண்டறிந்தது. ரெனின் தானாக எதையும் செய்யாது. கல்லீரல் முன்பே செய்து ரத்தத்தில் மிதக்க விட்டிருக்கும் ஒரு புரதத்தை அது வெட்டுகிறது. வெட்டிய துண்டு நுரையீரல் வழியாகப் போகும்போது அங்குள்ள நொதி இன்னொரு வெட்டு வெட்டுகிறது. அதற்குப் பிறகுதான் அது ஆஞ்சியோடென்சின் 2 ஆகி வேலையைத் தொடங்கும். தமனிகளை இறுக்கும், மூளையில் தாகத்தைக் கிளப்பும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிடம் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைக் கேட்கும். அந்த ஆல்டோஸ்டீரோன் மறுபடி சிறுநீரகத்துக்கே வந்து, உப்பை விடாதே என்கிறது. உப்பு தங்கினால் தண்ணீர் தங்கும்.

அந்தக் காலத்து நகரத்தார் உண்டியல், அதாவது பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டு, இப்படித்தான் பயணம் போகும். ஓர் ஊரில் எழுதி, வேறொருவர் கைமாற்றி, இன்னோர் ஊரில் பணமாகும். அப்பத்தாவின் அப்பச்சி, அதாவது அவருடைய அப்பா, மலாயாவுக்குக் கொண்டுவிக்க, தொழில் செய்யப் போனவர், அந்தக் காகிதங்களின் கதையை அப்பத்தா எனக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறார். சிறுநீரகம் எழுதிய உண்டியல் கல்லீரலையும் நுரையீரலையும் கடந்து அட்ரீனலில் மாறுகிறது. தனித்தனிப் பாடங்களில் தனித்தனிப் படங்களாக நான் கரும்பலகையில் வரைந்த உறுப்புகள் இவை.

அப்பத்தாவின் உடம்பில் அந்த உண்டியல் நாள் தவறாமல் மாறிக்கொண்டிருந்தது. இதயம் தளர்ந்தது, சிறுநீரகம் தண்ணீரைச் சேர்த்தது, சேர்ந்த தண்ணீர் இதயத்துக்கு இன்னும் சுமையானது, அது மேலும் தளர்ந்தது. உதவி என்று நினைத்து ஒவ்வோர் உறுப்பும் செய்த வேலைதான் அவரை மூச்சுக்குத் திணற வைத்தது. போதாததற்கு மேலேயிருந்து நான் 3 லிட்டர் ஊற்றினேன்.

உப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் ரத்தத்துக்கு ஒத்த உப்புநீர் லிட்டருக்கு 9 கிராம். மருத்துவமனையில் ஏற்றும் சலைனும் அதே அளவு. அப்படியென்றால் வெளியேற வழியில்லாத உடம்பில் 9 கிராம் உப்பு தங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரும் கூடவே தங்கும், எடை ஒரு கிலோ ஏறும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நான் இரண்டாங்கட்டில் இருந்த ஜாடிகளைத் திறந்து பார்த்தேன். மாவடு, எலுமிச்சை, மோர் மிளகாய், சுண்டை வத்தல், அப்பளக் கட்டு. தனியாக இருக்கும் கிழவிக்குக் காய்கறி மண்டி வைக்கவோ குழம்பு கூட்டவோ எங்கே மனசு வரும்? மோருஞ்சோறும் மாவடுவுமாக மூன்று வேளையை ஓட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் எத்தனையோ ஆச்சிகள் சாப்பாடு இதுதான். அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காலையும் ஜாடியையும் பாருங்கள், தலையணையை எண்ணுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மருந்துகளின் கதையும் எனக்கு இதே பாடத்தைத்தான் நடத்தியது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷையர் பக்கம் ஒரு கிழவி உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்குக் கஷாயம் கொடுத்து வந்தார். 20-க்கு மேற்பட்ட பச்சிலைகள் சேர்ந்த கஷாயம். மருத்துவர்கள் கைவிட்டவர்களுக்கும் வீக்கம் வடிந்திருக்கிறது. வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்ற ஒரே செடிதான் என்று பிரித்தறிந்து, பத்து வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1785-இல் எழுதினார். சிறுநீர் நன்றாகப் போனதால் அதை நீர் பிரிக்கும் மருந்தாகவே முக்கியமாகப் பார்த்தார். ஆனாலும் இதயத்தின் ஓட்டத்தின் மேல் அதற்கு வேறெந்த மருந்துக்கும் இல்லாத பிடி இருக்கிறது என்பதையும் கவனித்துக் குறித்து வைத்தார். கால் வீக்கத்தின் வேர் நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு அந்தக் கிழவியின் கஷாயமே சாட்சி. தான் பார்த்தது முழுவதும் புரியாதபோதும் அதை விடாமல் எழுதிய விதரிங் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அப்பத்தாவுக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று, நான் சொன்ன அந்த உண்டியலை நுரையீரல் நொதியிடமே நிறுத்திவிடுவது. அந்த மருந்து வகை பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராயப் போய்க் கிடைத்தது. முதல் மாத்திரை 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே 1981-இல் கனடாவில் டி போல்ட் என்பவர் எலி இதயத்தின் மேலறைத் திசுவை அரைத்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார். அவை உப்பையும் தண்ணீரையும் ஏராளமாகச் சிறுநீரில் வெளியேற்றின. இதயம் வெறும் பம்பு கிடையாது, ஹார்மோனும் சுரக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. தன் அறைகள் விரிந்து இழுபடும்போது, போதும், உப்பை விடு என்று இதயம் சிறுநீரகத்துக்குச் சொல்லியனுப்புகிறது. அந்தக் குரலைவிட ரெனினின் குரல் ஓங்கிவிடுகிறது, அவ்வளவுதான். நான் அப்பத்தாவைப் பார்க்க ஞாயிறு தோறும் போன காலத்தில் அவருடைய இதயம் இந்தச் சேதியை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிறகு விளங்கின. குடலிலும் கல்லீரலிலும் ரத்தம் தேங்கியதால் இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்திருக்கிறது. அதை முதலில் பார்த்த இடத்தில் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். பகலில் காலில் தேங்கியது ராத்திரி சாயும்போது ரத்தத்துக்குத் திரும்பியதால் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். பெயர்களை மறந்தது மறதி நோய் என்று நாங்கள் பயந்தோம். உடம்பின் எடையில் 2 சதவீதமே இருந்து 20 சதவீத ஆற்றலைக் கேட்கும் மூளைக்கு வரத்து குறைந்திருந்தது. இதயம் சீரான பிறகு எல்லாப் பேரன் பேத்தி பெயரும் திரும்பி வந்துவிட்டது.

மேலே சொன்ன ஸ்டார்லிங்கைப் பற்றி இன்னொன்று. அவருடைய உடன்பிறந்தாளைக் கட்டியவர் வில்லியம் பேலிஸ், அவரும் உடலியலாளர். இருவரும் சேர்ந்து 1902-இல் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு அதில் அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லாமலே கணையம் சுரந்தது. சேதி ரத்தத்தில் போயிருக்கிறது. ஹார்மோன் என்ற சொல்லை 1905-இல் ஸ்டார்லிங்தான் கொடுத்தார். இதயம் எவ்வளவு நிரம்புகிறதோ அவ்வளவு வலுவாகச் சுருங்கும் என்ற விதியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தந்துகி, குடல், ஹார்மோன், இதயம் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் தனித்தனி அலகுகளில் கிடக்கும் விஷயங்கள் ஒரே மனிதரின் வேலை. அவருக்கு உடம்பு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

அந்த ஜூனில் பள்ளி திறந்தபோது நான் பாடத்தை வேறு மாதிரித் தொடங்கினேன். ஒரு உப்புக்கல் வாயில் விழுந்தது முதல் வெளியே போகும் வரை எங்கெங்கே போகிறது என்று வரையச் சொன்னேன். நான்கு வகுப்புகள் எடுத்தது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், சிறுநீரகத்துக்கு யாருமே உண்மையைச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள். இதயம் சொல்கிறது என்றேன். 1981-இல் டி போல்ட்டின் எலிகளிடம் தெரிந்ததைச் சொன்னேன். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் புத்தகத்தை மூடவில்லை.

அப்பத்தாவுக்கு இப்போது 84. மருத்துவமனையிலிருந்து வரும்போது 5 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தார், அத்தனையும் தண்ணீர். தினமும் காலையில் சிறுநீர் கழித்த கையோடு எடை பார்த்து எழுத வேண்டும், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பட்டாலைத் தூணருகே எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. அப்பத்தா பழைய பேரேடு ஒன்றில் மிச்சமிருந்த வெற்றுத் தாள்களில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கியிருக்கிறார். குடித்த தண்ணீர் வரவுப் பக்கம், போனது பற்றுப் பக்கம், கீழே எடை. ஒன்றரை லிட்டர் செம்புக் கணக்கு, காப்பி உள்பட. தலையணை எத்தனை என்று ஒரு ஓரத்தில் அவராகவே சேர்த்துக்கொண்டார்.

போன வாரம் பங்காளி வீட்டுக் கல்யாணம். வேண்டாம் என்று சொல்லியும் இலையில் வைத்த ஊறுகாயைத் தொட்டுவிட்டார். இன்று காலையில் போன் செய்து கேட்டேன்.

"எடை எழுநூறு கிராம் கூடியிருக்காத்தா."

"தலையணை?"

"ஒன்னுதான் போட்டிருந்தேன். விடிகாலைல ரெண்டாக்கிக்கிட்டேன்."

டாக்டரிடம் பேசிவிட்டேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் கானாடுகாத்தான் போகிறேன்.